ஒடுங்கிய தடித்த எழுத்துருக்கள்: தலைப்புக்கும் போஸ்டருக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

தாளின் அகலம் மாறாது. சொல்லின் நீளமும் மாறாது. ஆனால் அந்தச் சொல் தூரத்திலிருந்தே கண்ணில் பட வேண்டும். இந்த மூன்றும் முட்டிக்கொள்ளும் இடத்துக்காகவே ஒடுங்கிய தடித்த எழுத்துருக்கள் உருவாயின. டிசைனர்கள் இவற்றை 'போல்டு கண்டென்ஸ்டு' என்று சொல்வார்கள். கோடு தடிமனாக இருக்கும், உடல் ஒல்லியாக இருக்கும், கோட்டின் முனையில் செரிஃப் என்னும் சின்னக் கால்கள் இருக்காது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தால் இதன் பலம் புரியும். 600 மில்லிமீட்டர் அகலமுள்ள போஸ்டரில் எட்டு ஆங்கிலப் பெரிய எழுத்துகள் கொண்ட ஒரு சொல்லை விளிம்புக்கு விளிம்பு நிரப்புகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். சாதாரண அகலமுள்ள தடித்த எழுத்துருவில் ஓர் எழுத்து சராசரியாகத் தன் எழுத்தளவில் (மென்பொருளில் நாம் கொடுக்கும் ஃபான்ட் அளவில்) 0.7 பங்கு அகலம் எடுத்தால், அளவு சுமார் 107 மில்லிமீட்டரில் நின்றுவிடும். ஒடுங்கிய எழுத்துருவில் அதே எழுத்து 0.4 பங்குதான் எடுக்கும் என்றால், அளவு 187 மில்லிமீட்டர் வரை போகும். அதே தாள், அதே சொல், உயரம் மட்டும் முக்கால் பங்கு கூடிவிட்டது.

இந்தத் தேவை பழையது. அச்சில் வந்த முதல் செரிஃப் இல்லாத எழுத்தை, எழுத்து வார்ப்பவரான நான்காம் வில்லியம் காஸ்லன் 1816-இல் லண்டனில் தன் மாதிரிப் புத்தகத்தில் காட்டினார். அதில் பெரிய எழுத்துகள் மட்டுமே இருந்தன. 1827-இல் நியூயார்க்கில் டேரியஸ் வெல்ஸ் மரத்தில் எழுத்து வெட்டும் இயந்திரத்தைக் கொண்டுவந்த பிறகு, ஈயத்தில் வார்க்க முடியாத அளவுக்குப் பெரிய எழுத்துகள் மலிவாகக் கிடைத்தன. போஸ்டர் அச்சிட்டவர்கள் நீளமான சொல்லுக்கு ஒடுங்கிய எழுத்தையும் குட்டிச் சொல்லுக்கு அகன்ற எழுத்தையும் எடுத்து ஒவ்வொரு வரியையும் தாளின் முழு அகலத்துக்கு நிரப்பினார்கள். பழைய போஸ்டர்களில் நாம் ரசிக்கும் அந்த அடுக்கடுக்கான தோற்றம் அப்படி வந்ததுதான். அப்புறம் 1903-இல் அமெரிக்க எழுத்து வடிவமைப்பாளர் மோரிஸ் ஃபுல்லர் பென்டன் 'ஆல்டர்நேட் காதிக்' வரைந்தார். ஒரே தோற்றம், மூன்று அகலம். தலைப்பு எவ்வளவு நீளமோ அதற்கேற்ற அகலத்தை அச்சுக் கோப்பவர் எடுத்துக்கொள்ளலாம். இன்று இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் 'லீக் காதிக்' அந்த மூன்றில் மிக ஒல்லியானதன் மறுபிறப்பு.

படி 1: அகலத்தை நசுக்கும் பழக்கத்தை விடுங்கள்

இதை முதல் படியாக வைக்கக் காரணம் இருக்கிறது. ஒடுங்கிய எழுத்து வேண்டுமென்று நினைப்பவர்களில் பலர் செய்வது, சாதாரண எழுத்துருவில் தட்டச்சு செய்து பெட்டியின் ஓரத்தைப் பிடித்து உள்ளே தள்ளுவது. சொல் இடத்தில் அடங்கிவிடும். எழுத்து கெட்டுவிடும்.

ஏன் கெடுகிறது? ஆங்கில 'எச்' எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நிற்கும் கோட்டின் தடிமன் 20 அலகு, நடுவில் படுத்திருக்கும் கோடு 18 அலகு. அகலத்தை 60 சதவீதமாக நசுக்கினால் நிற்கும் கோடு 12 ஆகிவிடும். படுத்த கோடு 18-ஆகவே இருக்கும். எழுத்தைத் தாங்க வேண்டிய தூண்கள் மெலிந்து, குறுக்குச் சட்டம் பருத்துவிட்டது. ஆங்கில 'ஓ' இன்னும் மோசம்: பக்கங்கள் மெலிந்து, தலையும் அடியும் வீங்கிய முட்டை வடிவம் வந்துவிடும். இந்தக் கோளாறு என்னவென்று பெயர் சொல்லத் தெரியாதவருக்கும் ஏதோ சரியில்லை என்று கண் சொல்லிவிடும்.

முறையாக வரைந்த ஒடுங்கிய எழுத்தில் 'ஓ' முட்டையாக இருக்காது. அதன் பக்கங்கள் நேர்க்கோடாக நிற்கும், மேலும் கீழும் மட்டும் வளையும். தூண்கள் தங்கள் தடிமனை விடாமல் இருக்கும். வளைவு தூணோடு சேரும் இடத்தில் கோடு கொஞ்சம் மெலிந்திருக்கும், இல்லாவிட்டால் அங்கே கறுப்பு தேங்கி நிற்கும். இதெல்லாம் கையால் முடிவு செய்து வரைந்தது. எந்த மென்பொருளின் இழுப்பும் இதைத் தராது.

நசுக்காமல் அகலத்தை மாற்ற வழி உண்டு: மாறி எழுத்துரு, அதாவது வேரியபிள் ஃபான்ட். 2016-இல் அடோபி, ஆப்பிள், கூகுள், மைக்ரோசாஃப்ட் நான்கும் சேர்ந்து அறிவித்த தொழில்நுட்பம் இது. அகலத்தை நகர்த்தும் வசதி உள்ள அத்தகைய எழுத்துருவில் நீங்கள் அகலத்தைக் குறைக்கும்போது, வரைந்தவர் தீர்மானித்த வடிவங்களுக்கு இடையில்தான் எழுத்து நகர்கிறது. தூண்களின் தடிமனை அவரே கவனித்து வைத்திருப்பார்.

படி 2: இடம் பொருத்தமா என்று பாருங்கள்

ஒடுங்கிய தடித்த எழுத்து இரண்டு மூன்று சொற்களுக்கு அருமையானது. ஒரு முழு வாக்கியத்தைக் கஷ்டப்பட்டுத் தாங்கும். பத்தியைத் தாங்கவே தாங்காது. நிற்கும் கோடுகள் ஒரே இடைவெளியில் வரிசையாக வருவதால், வாசிப்பவர் கண்ணுக்கு அது கம்பி வேலி போலத் தெரியத் தொடங்கும். நான் வைத்திருக்கும் எல்லை: ஒரு வரியில் ஐந்து சொல், மொத்தம் மூன்று வரி. அதற்கு மேல் போனால் வேறு எழுத்துரு.

தூரத்தையும் இப்போதே யோசியுங்கள். பெயர்ப் பலகைத் தொழிலில் ஒரு கணக்கு உண்டு: நன்றாகத் தெரிய, 10 அடி தூரத்துக்கு 1 அங்குல எழுத்து உயரம். ஆனால் அது சாதாரண அகலமுள்ள எழுத்தை மனதில் வைத்த கணக்கு. தூரத்தில் முதலில் மறைவது எழுத்துக்குள் இருக்கும் வெள்ளை. ஒடுங்கிய எழுத்தில் அந்த வெள்ளை ஏற்கெனவே குறைவு. அதனால் கணக்கு தரும் தூரத்தில் நான் கால் பங்கைக் கழித்துக்கொள்வேன். முன்பு பார்த்த போஸ்டரில் 187 மில்லிமீட்டர் அளவு என்றால் பெரிய எழுத்தின் உண்மையான உயரம் சுமார் 130 மில்லிமீட்டர், அதாவது 5 அங்குலம் வரும். கணக்குப்படி 50 அடி. நான் 37 அடி என்று எடுத்துக்கொள்வேன். அப்படியும், சாதாரண எழுத்தில் அதே இடத்தில் கிடைக்கும் 30 அடியைவிட இது கூடுதல்.

ஆபத்து எச்சரிக்கை, மருந்தளவு, முகவரி போன்றவற்றுக்கு இந்த வகையைத் தொடாதீர்கள். அங்கே மிடுக்கைவிடத் தெளிவு பெரிது.

படி 3: எழுத்துருவைச் சோதித்து எடுங்கள்

மாதிரிப் படத்தை மட்டும் பார்த்து எழுத்துருவை எடுப்பவர்கள் ஏமாந்துபோகிறார்கள். உங்கள் சொல்லை, உங்கள் அளவில் தட்டிப் பாருங்கள். அப்போது நான் பார்ப்பது இவற்றை.

முதலில் 'எம்', 'டபிள்யூ'. இயல்பிலேயே அகலமான எழுத்துகள் இவை, ஒல்லி உடலுக்குள் நான்கு கோடுகள் அடங்க வேண்டும். நல்ல எழுத்துருவில் உள் கோடுகளைச் சற்று மெலிதாக்கியிருப்பார்கள். மோசமானதில் கறுப்புத் திட்டாகத் தெரியும். அடுத்து 'எஸ்'. ஒடுங்கிய உடலில் அதன் நடு முதுகை வளைப்பது மிகவும் கஷ்டமான வேலை. அது தலை கனத்துக் கவிழ்வது போல இல்லாமல் நிமிர்ந்து நின்றால், வரைந்தவர் கைதேர்ந்தவர் என்று நம்பலாம். பிறகு எண்கள்: 3, 5, 6, 8, 9 ஐந்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். 6-உம் 8-உம் ஒன்றாகத் தெரிந்தால், தேதியோ விலையோ போடும் வேலைக்கு அந்த எழுத்துரு உதவாது.

பெயர் சொல்லிச் சிலவற்றைப் பார்ப்போம். 'பெபாஸ் நியூ' ரியோய்ச்சி சுனெகாவா வரைந்தது. அதில் பெரிய எழுத்துகள் மட்டுமே உண்டு, சின்ன எழுத்தைத் தட்டினாலும் பெரியதுதான் வரும். சுத்தமான, சலனமில்லாத தோற்றம். ஆனால் அதை எல்லாரும் எல்லாவற்றுக்கும் போட்டுத் தீர்த்துவிட்டதால் தனி முகம் தேடுபவர்கள் வேறு பக்கம் பார்ப்பது நல்லது. 'ஆஸ்வால்டு', 'ஆன்டன்' இரண்டும் வெர்னன் ஆடம்ஸின் வேலை. ஆஸ்வால்டில் மெலிந்ததிலிருந்து தடித்தது வரை பல எடைகள், அதாவது தடிமன் படிகள், உண்டு, சின்ன எழுத்துகளும் உண்டு, அதனால் இணையத் தலைப்புகளுக்கு வசதி. ஆன்டனில் ஒரே எடைதான். ஒரே அடியில் அடிக்க வேண்டிய இடத்துக்கு அது. 'பார்லோ கண்டென்ஸ்டு' கொஞ்சம் மென்மையானது. ஒரே குடும்பத்தில் மூன்று அகலமும் ஒன்பது எடையும் இருப்பதால் தலைப்பு, துணைத் தலைப்பு, அட்டவணை எல்லாவற்றையும் அதை வைத்தே முடித்துவிடலாம்.

'இம்பேக்ட்' பற்றியும் சொல்ல வேண்டும். ஜெஃப்ரி லீ வரைந்து, 1965-இல் ஷெஃபீல்டின் ஸ்டீஃபன்சன் பிளேக் நிறுவனம் உலோக எழுத்தாக வெளியிட்டது. 1996-இல் மைக்ரோசாஃப்ட் இணையத்துக்காக இலவசமாகத் தந்த எழுத்துருத் தொகுப்பில் இடம்பிடித்து, கடைசியில் மீம்களின் எழுத்தாகவே ஆகிவிட்டது. வடிவத்தில் அது நல்ல எழுத்து: சின்ன எழுத்துகள் ஏறக்குறையப் பெரிய எழுத்தின் உயரத்துக்கு வருவதால் வரிகள் இறுக்கமாக அடுக்கிக்கொள்ளும். ஆனால் இன்று அதைப் பார்க்கும் யாருக்கும் முதலில் மீம்தான் நினைவுக்கு வரும். எழுத்துருவின் நினைவும் வடிவமைப்பின் ஒரு பகுதி. அதனால் கனமான விஷயத்துக்கு நான் அதை எடுப்பதில்லை.

எடுக்கும் முன் உரிமத்தைப் படியுங்கள். 'ஓப்பன் ஃபான்ட் லைசென்ஸ்' உள்ளவற்றை வணிக வேலைக்கும் பயன்படுத்தலாம், எழுத்துருவை மட்டும் தனியாக விற்கக் கூடாது. 'தனிப்பட்ட பயன்பாட்டுக்கு மட்டும்' என்று போட்டிருந்தால் வாடிக்கையாளர் வேலையில் அது நுழையக் கூடாது.

படி 4: இடைவெளியைச் சரிசெய்யுங்கள்

இந்த வகை எழுத்தில் வேலையின் பாதி இங்கேதான். ஒடுங்கிய தடித்த எழுத்தை அடுக்கும்போது உண்மையில் நாம் அடுக்குவது வெள்ளைப் பட்டைகளை. எழுத்துக்குள் அடைபட்ட வெள்ளையும், இரண்டு எழுத்துக்கு நடுவே உள்ள வெள்ளையும் ஏறத்தாழ ஒரே அகலத்தில் இருந்தால் சொல் ஒரே தாளத்தில் ஓடும். நடு இடைவெளி மிகக் குறைந்தால் இரண்டு தூண்கள் ஒட்டி ஒரு கறுப்புக் கட்டியாகும். மிகக் கூடினால் சொல் தனித்தனிக் குச்சிகளாக உதிரும்.

போஸ்டர் அளவில் எழுத்துருவோடு வரும் இடைவெளியே பெரும்பாலும் போதும். தேவைப்பட்டால் டிராக்கிங்கை, அதாவது சொல் முழுக்க எழுத்துகளுக்கு நடுவே உள்ள பொது இடைவெளியை, எழுத்தளவில் ஆயிரத்துக்கு 5 முதல் 15 வரை குறைக்கலாம். அதே எழுத்தைச் சின்ன அளவில், ஒரு படத்தின் கீழோ பொத்தானிலோ போட்டால் ஆயிரத்துக்கு 20 முதல் 50 வரை கூட்டுங்கள். சின்ன அளவில் வெள்ளைதான் முதலில் மூடிக்கொள்ளும். இவை நான் தொடங்கும் எண்கள், முடிவு கண்ணுடையது.

கெர்னிங், அதாவது குறிப்பிட்ட இரண்டு எழுத்துக்கு நடுவே மட்டும் செய்யும் திருத்தம், இங்கே இன்னும் நுணுக்கமானது. பெரும்பாலான எழுத்துகள் நேர் பக்கத்தோடு நிற்பதால் அவை தாமே ஒழுங்காகச் சேரும். ஆனால் 'எல்'-லுக்குப் பின் 'ஏ' வந்தால் நடுவே ஒரு பெரிய முக்கோண வெள்ளை விழும். அகன்ற எழுத்துருவில் அது அவ்வளவு உறுத்தாது. இங்கே மற்ற வெள்ளையெல்லாம் மெல்லிய பட்டைகள், அதனால் இந்த ஓட்டை பளிச்சென்று தெரியும். எல்லாவற்றையும் ஒட்டிவிட்டு இந்த ஜோடியைச் சரிசெய்ய முடியாது. மோசமான ஜோடியை எவ்வளவு நெருக்க முடியுமோ அவ்வளவு நெருக்கிவிட்டு, பிறகு மற்ற எழுத்துகளைச் சற்றுத் தளர்த்தி அதோடு சமப்படுத்துங்கள். சொல்லைத் தலைகீழாகத் திருப்பி வைத்துப் பார்ப்பது பழைய தந்திரம். பொருள் மறைந்து வடிவம் மட்டும் தெரியும், ஓட்டைகள் உடனே காட்டிக்கொடுக்கும்.

சொற்களுக்கு நடுவே உள்ள இடமும் குறையட்டும். தடித்த எழுத்தில் வழக்கமான சொல் இடைவெளி பள்ளம் போலத் தெரியும். இரண்டு சொல் ஒன்றாகப் படிக்கப்படாத அளவுக்கு இருந்தால் போதும்.

வரி இடைவெளி: முழுக்கப் பெரிய எழுத்து என்றால் எழுத்தளவில் 0.85 முதல் 1 மடங்கு. கீழே தொங்கும் வால்கள் எதுவும் இல்லாததால் இவ்வளவு இறுக்கலாம். வரிகளுக்கு நடுவே உள்ள வெள்ளையும் சொற்களுக்கு நடுவே உள்ள வெள்ளையும் நெருங்கி வந்தால், தலைப்பு ஒரே கட்டாக நிற்கும். சின்ன எழுத்துகள் கலந்தால் 1 முதல் 1.1 வரை போங்கள்.

படி 5: தமிழில் செய்யும்போது

மேலே சொன்னதில் பலவும் ஆங்கில எழுத்தின் நேர்க்கோட்டு உடலை நம்பியது. தமிழில் சொற்கள் நீளம், எழுத்துகளும் அகலம். அதனால் ஒடுங்கிய எழுத்து நமக்குத்தான் அதிகம் தேவை. வரைவதும் நமக்குத்தான் அதிகக் கஷ்டம்.

'ண' எழுத்தையும் 'ட' எழுத்தையும் பக்கத்தில் வையுங்கள். ஒன்றில் சுழிகளும் தூண்களும் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. மற்றது ஒரு தூணும் ஒரு படுத்த கோடும், மேலே முழுக்க வெள்ளை. தடிமனைக் கூட்டி அகலத்தைக் குறைத்தால் 'ண' அடைத்துக்கொள்ளும், 'ட' ஓட்டையாகவே இருக்கும். 'ணை' வந்தால் கேட்கவே வேண்டாம். நல்ல தமிழ் எழுத்துருவில் நெருக்கமான எழுத்தின் கோடுகளைக் கொஞ்சம் மெலிதாக்கி, அகலத்தையும் அதற்குக் கூடுதலாகக் கொடுத்திருப்பார்கள். எல்லா எழுத்தையும் ஒரே அகலத்துக்குள் திணித்திருந்தால் அந்த எழுத்துருவை விட்டுவிடுங்கள். 'இணைப்பு', 'ஞாயிறு', 'கொண்டாட்டம்', 'வாழ்த்துகள்' என்ற நான்கு சொல்லைத் தட்டிப் பார்த்தால் பெரும்பாலான குறைகள் வெளியே வந்துவிடும்.

அகலத்தை மாற்ற வசதியுள்ள தமிழ் எழுத்துருக்கள் சொற்பமே. எக் டைப் குழுவினரின் 'அனெக் தமிழ்' அதில் முக்கியமானது. அகலம் 75 முதல் 125 வரை நகரும் (100 என்பது இயல்பான அகலம்), எடை 100 முதல் 800 வரை (400 என்பது சாதாரணத் தடிமன்). அதே குடும்பத்தில் ஆங்கில எழுத்தும் மற்ற இந்திய எழுத்துகளும் இருப்பதால் இருமொழித் தலைப்புக்குக் கைகொடுக்கும். 'நோட்டோ சான்ஸ் தமிழ்' 62.5 வரை ஒடுங்கும், எடை 900 வரை போகும். முகம் சற்றுப் பொதுவானதுதான், ஆனால் உறுதியானது. இரண்டிலுமே நான் கடைசி எல்லைக்குப் போவதில்லை. மிக ஒடுங்கியதும் மிகத் தடித்ததும் சேர்ந்தால் சுழிகள் அடைபடும். அகலத்தை எல்லைக்குக் கொண்டுபோனால் எடையை ஒரு படி இறக்குங்கள்.

வரி இடைவெளியில் ஆங்கிலப் பழக்கத்தைத் தமிழுக்குக் கொண்டுவராதீர்கள். மேலே புள்ளியும் 'ி', 'ீ' கொக்கிகளும் இருக்கின்றன, கீழே 'ழு', 'று', 'ரூ' வால்கள் இருக்கின்றன. 0.9 மடங்கில் வைத்தால் மேல் வரியின் வால் கீழ் வரியின் புள்ளியை விழுங்கிவிடும். புள்ளி போனால் சொல்லே மாறிவிடும். 1.15-இலிருந்து தொடங்குங்கள். அதைவிட இறுக்கம் வேண்டுமென்றால் வரியை எங்கே உடைப்பது என்று மாற்றிப் பாருங்கள். வாலும் புள்ளியும் நேருக்கு நேர் வராதபடி சொற்கள் அமைந்துவிட்டால் 1.05 வரைகூட இறக்க முடியும். தலைப்பை எழுதுபவரும் வடிவமைப்பவரும் ஒருவரே என்றால் இதில் பெரிய சுதந்திரம் உண்டு.

டிராக்கிங்கிலும் ஒரு பொறி இருக்கிறது. 'கொ' என்பது கண்ணுக்கு மூன்று துண்டு. சில மென்பொருள்கள் இடைவெளியைக் கூட்டும்போது அந்த மூன்றையும் தனித்தனி எழுத்தாக எண்ணிப் பிரித்துவிடும். தமிழில் டிராக்கிங்கைக் கூட்டினால் ஒற்றைக் கொம்பு, கால், புள்ளி மூன்றையும் ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

தமிழையும் ஆங்கிலத்தையும் ஒரே வரியில் வைத்தால் அளவு எண்ணை நம்பாதீர்கள். தூண்களின் தடிமனை ஒப்பிடுங்கள். இரண்டு தூணும் ஒரே கனமாகத் தெரியும் வரை ஒன்றின் எடையையோ அளவையோ நகர்த்துங்கள். ஆங்கிலப் பெரிய எழுத்துகள் தரும் மேல்விளிம்பு தட்டையான சுவர் போன்ற தோற்றம் தமிழுக்கு வராது. அதைத் தேடிப் போகவும் வேண்டாம். தமிழின் மேல்விளிம்பு ஏறி இறங்குவதுதான் அதன் அழகு.

படி 6: துணை எழுத்தும் நிறமும்

தலைப்புக்குக் கீழே வரும் உரைக்கு இயல்பான அகலமுள்ள, எடை குறைந்த எழுத்துருவை எடுங்கள். அங்கேயும் ஒடுங்கியதை வைத்தால் தலைப்பின் இறுக்கம் இறுக்கமாகவே தெரியாது. அளவில் நல்ல இடைவெளி இருக்கட்டும், தலைப்பு உரையைப்போல நான்கு ஐந்து மடங்கு இருந்தாலும் தவறில்லை.

கறுப்பின் மேல் வெள்ளை எழுத்து, வெள்ளையின் மேல் கறுப்பைவிடத் தடிமனாகத் தெரியும். வெளிச்சம் ஓரத்தில் கசிவதுதான் காரணம். எடையை ஒரு படி குறைத்து டிராக்கிங்கைக் கொஞ்சம் கூட்டினால் சமமாகிவிடும். இணையத்தில் பெரிய எழுத்துக்கும் பின்னணிக்கும் நடுவே 3:1 வெளிச்ச வேறுபாடு போதும் என்கிறது, பார்வைக் குறை உள்ளவர்களையும் மனதில் வைத்து எழுதிய அணுகல் வழிகாட்டி (WCAG). ஒடுங்கிய எழுத்துக்கு நான் சாதாரண உரைக்குச் சொல்லப்பட்ட 4.5:1-ஐயே குறைந்தபட்சமாக வைக்கிறேன்.

படி 7: திரையிலும் தாளிலும் சோதியுங்கள்

இணையத்தில் 'போல்டு' கோப்பை ஏற்றாமல் போல்டு கேட்டால், உலாவி தானே கோட்டைப் பருமனாக்கிப் போலித் தடிமன் உண்டாக்கும். ஒடுங்கிய எழுத்தில் அது உள் வெள்ளையைத் தின்றுவிடும். வேண்டிய எடையின் கோப்பை ஏற்றுங்கள், பக்கத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் சிஎஸ்எஸ் குறியீட்டில் போலி வடிவங்களை அணைத்து வையுங்கள். இன்னொன்று: எழுத்துரு வந்து சேரும் வரை உலாவி காட்டும் மாற்று எழுத்து அகலமாக இருந்தால், இரண்டு வரித் தலைப்பு நாலு வரியாகி, பிறகு குதித்துச் சுருங்கும். மாற்று வரிசையிலும் ஓர் ஒடுங்கிய எழுத்துருவையே வையுங்கள்.

அச்சில் மை பரவும். மலிவான, மை உறிஞ்சும் தாளில் சுழிகள் முதலில் அடைபடும். முழுப் போஸ்டரையும் அச்சிட்டுப் பார்க்க முடியாவிட்டால், தலைப்பின் மிக நெருக்கமான இரண்டு எழுத்துகளை மட்டும் உண்மை அளவில், உண்மைத் தாளில் எடுத்துப் பாருங்கள். அதைச் சுவரில் ஒட்டி, பார்வையாளர் நிற்கப்போகும் தூரத்துக்குப் போய், கண்ணைப் பாதி மூடிப் பாருங்கள். பிறகு கைப்பேசியில் படமெடுத்து விரல் நக அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். இரண்டிலும் உள் வெள்ளை பிழைத்திருந்தால் அச்சுக்கு அனுப்பலாம்.

அனுப்பும் கோப்பில் எழுத்துகளை வெளிக்கோடாக மாற்றிவிடுங்கள், தமிழ்க் கொம்புகள் வேறு கணினியில் இடம் மாறாமல் இருக்கும். மாற்றும் முன் திருத்தக்கூடிய பிரதி ஒன்றைத் தனியாகச் சேமித்து, அதன் பெயரிலேயே எழுத்துருவின் பெயரையும் எந்த அகலம், எந்த எடை என்பதையும் எழுதி வையுங்கள். அடுத்த போஸ்டர் கேட்டு வருபவர் அதே தோற்றத்தைத்தான் கேட்பார்.